பேசத் தடை

என் பழைய தோழனுக்கு,

போன மாதம் நீ தொடுத்த வழக்கில் தோற்று, ஏதென்ஸ் மக்கள் சபையில் பேசும் உரிமையை இழந்தேன். சரணடைந்த தீவின் ஆண்களைக் கொல்லச் சபை ஆணையிட்டபோது, கூடாது என்று பேசியதுதான் என் குற்றம்.

நேற்று சபை கூடியபோது நான் சபையைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்றேன். "யார் பேச விரும்புகிறீர்கள்?" என்று கட்டியக்காரர் கேட்டதும், தோல் பதனிடும் யூக்டேமோன் மேடையேறினான். அவனுக்குத் திக்குவாய். அந்த ஆணையை எதிர்த்து நான் எழுதிக் கொடுத்ததை ஒவ்வொரு சொல்லாக அவன் சொல்லச் சொல்ல, கூட்டம் சிரித்தது.

"யாருப்பா எழுதிக் குடுத்தது?" என்று நீ கத்தினாய்.

"எழுதுனது அவருதான். ஆனா அந்தத் தீவுக்காரங்களை வெட்டப் போற கப்பல்ல போறது என் மகன். கையைக் கட்டிப்போட்டவனை வெட்டிட்டு வந்து, என் வீட்டுல எப்படிய்யா உக்காந்து சாப்பிடுவான்?"

திக்காமல் சொன்னான். அது நான் எழுதியதல்ல.

அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. கைகள் உயர்ந்தன. கொலை ஆணை ரத்தானது. கப்பல் துறைமுகத்திலேயே நிற்கிறது.

இன்று என் முற்றத்தில் மூன்று பேர், பேச்சு எழுதித் தரச் சொல்லிக் காத்திருக்கிறார்கள். வேண்டுமானால் இன்னொரு வழக்குப் போடு. தீர்ப்பை மறுபடி படித்துவிட்டேன்: நான் பேசக் கூடாது என்றுதான் இருக்கிறது, எழுதக் கூடாது என்று இல்லை.

இன்னும் பணியாத,
உன் தோழன்