செல்வி போடாத படம்

என் வாயாடி நாத்தனாரே, செல்விக் கண்ணே,

நீ இருந்தவரை உனக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. பூனா சிஞ்ச்வட்டில் ஒரே வீட்டுக்குள் இருபது வருஷம் இருந்தவர்களுக்குக் கடிதம் எதற்கு? இப்போது ஒரு தப்பு செய்துவிட்டேன், அதனால் எழுதுகிறேன். நேரில் சொன்னால் திட்டித் தீர்த்திருப்பாய். அந்தத் திட்டை வாங்கவாவது நீ இருந்திருக்கலாம்.

உன் வெப்சைட் விஷயம்தான். இந்தக் கடிதத்தைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பழைய படங்களில் கதாநாயகிக்குத் தோழியாக, டாக்டருக்குப் பின்னால் தட்டோடு நிற்கும் நர்ஸாக வந்து போன ஒரு நடிகைமேல் உனக்கு அப்படி ஒரு பிரியம். 'நம்ம மேடம்' என்றுதான் சொல்வாய். அவருக்காகத்தான் அந்த வெப்சைட்டே. ஊரே கதாநாயகியைப் பார்க்கும்போது நீ மட்டும் ஓரத்தில் நிற்பவரைப் பார்ப்பாய். ஏன் என்று ஒருநாளும் நான் கேட்டுக்கொண்டதில்லை.

அந்த அம்மாவுக்கு ஒரு நல்ல போட்டோகூடக் கிடையாது. ஆரம்பத்தில் வேறொருவர் தளத்திலிருந்து மங்கலான படம் ஒன்றை எடுத்துப் போட்டாய். அவர் வருத்தப்பட்டு எழுதினார். நீ மன்னிப்புக் கேட்டு அன்றே அதை எடுத்துவிட்டு, பக்கத்தின் அடியில் ஒரு வரி சேர்த்தாய்: 'இங்குள்ள படங்கள் எல்லாம் நானே வரைந்தவை.' அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பிடித்தது சனி!

கம்பெனியில் உனக்கு வண்டிப் பாகங்களை அளந்து பார்க்கும் வேலை. வீட்டுக்கு வந்தாலும் அளவுதான். டிவியில் படத்தை நிறுத்திவிட்டு மேடத்தின் மூக்குமேல் ஸ்கேலை வைப்பாய். அதைக் கிராஃப் தாளில் போட்டு, பிறகு கம்ப்யூட்டரில் மவுசைப் பிடித்துக்கொண்டு புள்ளி புள்ளியாக நிரப்புவாய். டிவியில் கை, உடம்பு சரியாகத் தெரியாத இடத்துக்கெல்லாம் நான்தான் மாடல். குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும், நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நர்ஸாக நிற்பேன்.

"அண்ணி, ஹிலாதீங்க! தோ மினிட், பஸ்" என்பாய். அசையாதே, இரண்டே நிமிஷம் என்பதற்கு உன் பூனாத் தமிழ் அது. வேலூரிலிருந்து வந்த புதிதில் எனக்கு ஒன்றும் புரியாது. புரிந்த பிறகும் அசைந்துகொண்டேதான் இருந்தேன்.

பிள்ளையாரைக் கரைக்கும் கணபதி விசர்ஜனம் முடிந்த வாரம் உனக்குக் காய்ச்சல் வந்தது. அடுத்த வாரம் நீ இல்லை. குடியிருப்பு சொசைட்டியில் எல்லாருக்கும் சொன்னோம், ஊருக்குச் சொன்னோம், உன் கம்பெனிக்குச் சொன்னோம். உன் வெப்சைட்டுக்கு வருகிறவர்களுக்கு மட்டும் நான் சொல்லவில்லை. மேடத்தின் பிறந்தநாளுக்கு வருஷா வருஷம் நீ போடும் புதுப் படத்துக்காக அவர்கள் காத்திருந்தார்கள். "அக்கா, இந்த வருஷம் எந்த வேஷம்?" என்று கேட்டு வந்த கடிதத்துக்கு, "வேலை ஜாஸ்தி, சீக்கிரம் போடறேன்" என்று உன் பேரிலேயே பதில் எழுதினேன். அந்த ஒரு இடத்திலாவது நீ உயிரோடு இருந்துவிட்டுப் போ என்று நினைத்தேன். தப்பா செல்வி?

பிறந்தநாள் நெருங்கியது. ஔந்து ஹாஸ்டலிலிருந்து தினேஷ் வந்திருந்தான். பெற்ற பிள்ளையிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? "அம்மா, இதுக்கா டென்ஷன்? ஏக் மினிட் கா காம் ஹை" என்றான், ஒரு நிமிஷ வேலையாம். போனில் எதையோ தட்டினான். மெஷினே படம் போட்டுக் கொடுத்துவிட்டது. மேடம் நர்ஸ் உடையில் வெள்ளைவெளேரென்று, பளபளவென்று நின்றார். நானும் புத்தி கெட்டுப்போய், 'நானே வரைந்தவை' என்று நீ எழுதி வைத்த வரிக்கு மேலேயே அதைப் போட்டேன்.

மறுநாள் சிவகாசியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். உனக்கு எப்போதும் முதலில் எழுதுகிற, அச்சகத்தில் வேலை பார்க்கிற அந்தத் தம்பிதான். "செல்விக்கா, உடம்பு கிடம்பு சரியில்லையா? இது நீங்க போட்ட படம் இல்லயே. மேடம் நல்ல கருப்பு. நீங்க ஒருநாளும் அவங்கள இவ்ளோ அழகா போட மாட்டீங்களே!"

கோபமாக எழுதியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டாரே. அடுப்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

அன்று உன் படங்கள் எல்லாவற்றையும் முதல் தடவையாக வரிசையாகப் பார்த்தேன். தட்டைப் பிடிப்பதும் குடை பிடிப்பதும் கடிதம் எழுதுவதும் எல்லாம் இடது கை. மேடம் எப்போது இடது கைக்காரர் ஆனார்? நான்தானே இடது கைக்காரி! ஒரு காலில் சாய்ந்து நிற்பதுகூட என்னைப் போலவே. மூக்கில் அரை மில்லிமீட்டர் கூடினால் அழித்துவிட்டு மறுபடி போடுகிறவளுக்கு இது தெரியாமலா போயிருக்கும்? தெரிந்தேதான் விட்டு வைத்தாயா?

மெஷின் படத்தை எடுத்துவிட்டேன். நான்கு நாள் உட்கார்ந்து நானே ஒன்று போட்டேன். பீரோக் கண்ணாடி முன்னால் நின்று கையைப் பார்ப்பேன், ஓடி வந்து கம்ப்யூட்டரில் இரண்டு புள்ளி வைப்பேன். மூக்கு ஒருபக்கம் கோணிக்கொண்டது. தினேஷ் பார்த்துவிட்டு, சிரிக்கக் கூடாது என்று பால்கனிக்குப் போய்விட்டான். அந்தப் படத்தின் கீழே எழுதினேன்: 'இதைப் போட்டது செல்வியின் அண்ணி. முன்பு வந்த படம் மெஷின் போட்டது, அதற்கு மன்னிக்க வேண்டும். செல்வி கணபதி முடிந்த அடுத்த வாரம் இறந்துவிட்டாள்.' அந்தக் கடைசி வார்த்தையை நான் எங்குமே எழுதியிருக்கவில்லை. எழுதிவிட்டு, பட்டனை அமுக்க முடியாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அமுக்கினேன்.

எங்கெங்கிருந்தோ எழுதினார்கள். சிவகாசித் தம்பியின் கடிதம் மட்டும் இரண்டு நாள் கழித்து வந்தது. "இத்தன வருஷம் மேடம் மூஞ்சிய எங்களுக்குக் காட்டுனவங்க அவங்க. அவங்க மூஞ்சிய நாங்க ஒருத்தரும் பாத்ததில்ல. ஒரு தடவ காட்டுங்கம்மா."

பர்சிலேயே உன் போட்டோ இருக்கிறது. அதைப் படம் பிடித்துப் போட ஒரு நிமிஷம் ஆகாது. போட மாட்டேன், வரைந்துதான் போடுவேன். உன் தாடையும் உன் அண்ணன் தாடையும் ஒரே அச்சு என்பதால், இன்று காலை அவரை ஜன்னல் பக்கம் நிற்க வைத்தேன். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். நீ போனதிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷன், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நானும் மவுசை வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே எழுந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நின்றார். தாடை வரைக்கும் போட்டுவிட்டேன். எத்தனை நாளானாலும் நானே முடிப்பேன், உன்மேல் சத்தியம். அதுவரை உன் வெப்சைட்டில் வேறு எந்தப் படமும் வராது.

உனக்காக நின்று, இப்போது உன்னை வரையும்
உன் அண்ணி,
வசந்தா