பிள்ளையாருக்குப் போன பழங்கள்

விம்பிள்டன்
02.11.2024

அன்பின் பெனடிக்ற்,

என் எழுத்து ஏறியும் இறங்கியும் கிடக்கும், பொறுத்துக்கொள்ளும். எழுபத்துநாலு வயதில் கோயில் வகுப்பில் படித்தது. நானே எழுதும் முதல் கடிதம் இது. உமது பெயரை எழுதி முடிக்கத் தேத்தண்ணி ஆறிவிட்டது. சந்தோசமாகத்தான் இருக்கிறது.

நீர் தோட்டமில்லாத மாடி பிளாற்றுக்குக் குடிபோகும்போது தந்த, உமது மனைவி கிளறிற்றா வளர்த்த செடிகள் சுகம். ஆணும் பெண்ணுமாய் இரண்டும் பனியிலும் பச்சையாக நிற்கின்றன. நீர் சொன்னபடி மழைத்தண்ணிதான் விடுகிறேன். ஆனால் இந்த முறையும் அந்த ரோஸ் நிறச் சின்னப் பழங்கள் இல்லை. யேசு பிறந்த நத்தாருக்கு அவவின் கல்லறையில் வைக்கக் கேட்டீர். மூன்றாம் வருடமும் இல்லை என்று எழுத வெட்கமாயிருக்கிறது.

வைகாசியில் வெள்ளை வெள்ளையாய் நல்ல பூ. ஒன்றையும் வீணாக்கவில்லை. காலையில் குளித்துவிட்டு எல்லாவற்றையும் ஆய்ந்து பிள்ளையாருக்கு வைத்தேன்.

தானே கையொப்பமிடும்
செல்வரத்தினம்


ஸ்ட்ரெதம்
06.11.2024

அன்பின் செல்வரத்தினம்,

கடிதம் முழுவதும் வாசிக்க முடிந்தது. இதுவரை உமக்காக உமது மகன் எழுதியதைவிடத் தெளிவு.

அட மனுசா, அந்தப் பூதானே பழமாகும். ஆயுள் முழுக்கக் கடையில் பழம் விற்றவருக்கு அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாதா? மூன்று வருடமாகக் கிளறிற்றாவின் பங்கையும் பிள்ளையாரே சாப்பிட்டிருக்கிறார்.

பகிடி ஒரு பக்கம். அவவின் செடி காய்க்காமல் நிற்பது எனக்கு ஆகாது. எங்கள் தேவாலயத்துக்கு வரும் இசபெல்லுக்குப் பெரிய தோட்டம். சனிக்கிழமை காரோடு வருவா. செடிகளை அவவிடம் கொடுத்துவிடும்.

பெனடிக்ற்


விம்பிள்டன்
11.11.2024

அன்பின் பெனடிக்ற்,

உமது கடிதத்தை எழுத்துக்கூட்டி இரண்டு தரம் வாசித்தேன். இரண்டு தரமும் அதே ஏச்சு.

செடிகளைக் கிண்டி எடுத்துக் கொடுக்கத்தான் சனிக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். இந்த முழங்காலோடு எனக்குக் குனிய ஏலாது. அதனால் வேலிப்பக்கம் நிலத்தோடு கிடக்கும் கொப்பில் பூ ஆய்ந்ததில்லை. தடியால் இலையை விலக்கினேன். கொத்தாக ரோஸ் பழம்.

இசபெல்லுக்கும் காட்டினேன். "அங்கிள், இது இங்கேயே நிற்கட்டும். நான் அவருக்குச் சொல்லுறன்" என்று வெறுங்கையோடு போனா.

கொப்பை வெட்டச் சொல்லி அவவிடம் கேட்கவில்லை. கத்தரிக்கோல் எடுத்து வைத்திருக்கிறேன். உமக்குக் குனிய ஏலும். நத்தாருக்கு முதல் வந்து நீரே வெட்டும்.

அடுத்த வைகாசியில் மேல் கொப்பு பிள்ளையாருக்கு, மிச்சம் கிளறிற்றாவுக்கு. அவருக்குச் சொல்லிவிட்டேன்.

வரும் கிழமையும் எழுதுவேன். பழத்துக்குப் போடுகிற 'ழ' இப்போது நன்றாக வருகிறது.

செல்வரத்தினம்