தொட்டிலுக்கு மேலே ஒரு கேமரா

செவ்வாய், இரவு.

பகலெல்லாம் அக்கா மகளின் குழந்தையைப் பார்த்துக்கொள்வது நான். மூவுலகமும் நம்பும் என்னை உளவு பார்க்க, மாப்பிள்ளை இன்று காலை தொட்டிலுக்கு மேலே கேமரா மாட்டிவிட்டார். "தப்பா நெனச்சுக்காதீங்க மாமா, சும்மா சேஃப்டிக்கு" என்றார்.

ராத்திரி குழந்தை கும்மிடிப்பூண்டி ஆலைச் சங்கெல்லாம் வெட்கப்படும்படி அழுதாள். மாப்பிள்ளை ஒரு மணி நேரம் தொட்டிலை ஆட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"இன்னா மாமா பண்ணுவீங்க, உங்ககிட்ட மட்டும் எப்டி தூங்குறா?"

"கேமராவுலதான் எல்லாம் இருக்குமே மாப்ள, பாத்துக்குங்க."

கேமராவுக்குக் கண்தான் உண்டு, காது கிடையாது. பொன்னேரி, அனுப்பம்பட்டு, மீஞ்சூர் என்று லோக்கல் ரயில் நிலையங்களை மெதுவாக ஓதினால் நந்தியம்பாக்கம் வருமுன் தூங்கிவிடுவாள். சாகும்வரை சொல்லமாட்டேன்.

இன்னும் அழுகிறாள். குரல் கம்மிவிட்டது. அவள் என்ன செய்தாள், பாவம். பழியை நாளைக்குத் தீர்த்துக்கொள்கிறேன். எழுந்து போகிறேன்.