வலிக்கவில்லை என்றவளுக்கு

மெஹ்ருன் கண்ணு,

டைபாய்டு உன்னைக் கொண்டுபோய் நாற்பது நாள் தாண்டிவிட்டது. மெயின்கார்டு கேட் ஸ்டாப்பில் நீ ஏறுவாயென்று இன்னும் ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் பையை வைக்கிறேன். யாராவது "ஆள் வருதுங்களா?" என்று கேட்ட பிறகுதான் எடுக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சிகிச்சை உதவியாளர் வகுப்பில் நாம் எட்டுப் பேர், நான்கு ஜோடி. நேற்றுவரை மூன்று ஜோடியும் நானும். எல்லோரும் ஒருவர் காலை ஒருவர் பிடித்துப் பழகும்போது, மூலைக் கட்டிலில் உட்கார்ந்து என் கெண்டைக்காலை நானே பிடித்துக்கொண்டிருந்தேன். பார்க்கிறவர்கள் கால்வலிக்காரி என்றுதான் நினைத்திருப்பார்கள்.

நீ போன மூன்றாம் வாரம், போலியோ வார்டில் ஜீயபுரத்துச் சிறுமி ஒருத்தியின் பாதத்தை என்னிடம் கொடுத்தார்கள். உன் பாதத்தை எப்படி மேல்நோக்கி மடக்கி இழுப்பேனோ, அப்படித்தான் இழுத்தேன். அவள் போட்ட அலறலில் வார்டே திரும்பிப் பார்த்தது. டீச்சர் ஓடிவந்து என் கையை எடுத்துவிட்டார். "இவ்வளவு முரட்டுக் கையா இருக்கே, கமலா. இத்தனை நாள் எப்படிப் பிடிச்சுப் பழகினீங்க?" என்றார். கை பதமாகாவிட்டால் பரீட்சைக்கு அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

படுத்திருப்பவருக்கு வலித்தால் உடனே சொல்ல வேண்டும் என்பதுதானே நம் வகுப்பின் முதல் விதி? டீச்சர் கேட்டபோதெல்லாம் நீ என்ன சொன்னாய்? "அக்கா கை பஞ்சு மாதிரி, மிஸ்." நானும் அதை நம்பிப் பூரித்துப்போனேனே.

உன் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதும்போது உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "தினமும் வந்ததும் கணுக்காலுக்கு ஒத்தடம் கேக்கும். படிப்புன்னா அப்படித்தாம்மா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்கன்னு சொல்லும்" என்றார். உன்மேல் வந்த கோபத்தை எங்கே போய்க் காட்டுவது?

ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். முதல் நாள் நீ "ஐயோ" என்று காலை இழுத்துக்கொண்டாய். நான் பின்பக்கம் போய்க் குழாயடியில் நின்று அழுதேன். புருஷன் வேண்டாமென்று அனுப்பிவிட்ட முப்பது வயதுக்காரிக்கு இதெல்லாம் வராது, காட்டூரில் அண்ணன் வீட்டுக்கே போய்விடுகிறேன் என்று உன்னிடம் சொன்னேன். மறுநாளிலிருந்து உனக்கு வலிக்கவே இல்லை.

இன்று புதிதாக ஒரு பெண்ணை எனக்கு ஜோடி சேர்த்தார்கள். பதினெட்டு வயது இருக்கும். என் குதிகாலைப் பிடித்து இழுத்தாள். உயிர் போயிற்று. "வலிக்குதாக்கா?" என்று முகத்தைப் பார்த்தாள். இல்லை என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்துவிட்டது.

"வலிக்குதும்மா. கொஞ்சம் தளர்த்திப் பிடி" என்றேன்.

அவள் முகம் செத்துப்போயிற்று. மத்தியானம் சாப்பிடவில்லை. நாளை வருவாளோ மாட்டாளோ, தெரியவில்லை.

நீயும் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தச் சிறுமி அலறியிருக்க மாட்டாள். அதே உண்மையைச் சொல்லியிருந்தால் நான் ஒரு வாரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போயிருப்பேன். இரண்டும் நிஜம்தான். இதைச் சொல்லி அழ எனக்கு ஸ்ரீரங்கத்திலும் ஆள் இல்லை, திருச்சியிலும் இல்லை.

நாளைக் காலையில் அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் போய் நிற்பேன். கையோடு அழைத்துவந்து, அவள் கைமேல் என் கையை வைத்து, வலிக்காமல் பிடிக்க இரண்டு பேருமாகக் கற்றுக்கொள்வோம். உனக்கு நான் தரும் வாக்கு இது.

நீ ஒருநாளும் கடிந்துகொள்ளாத உன் அக்கா,
கமலா