வாகை மரத்துப் பலகை

சித்திரை, ஞாயிற்றுக்கிழமை. அறுப்பு மழையில் உளுந்து செடியிலேயே முளைத்துப்போன வருசம். நான் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

இன்று மரப்பூங்காவில் கோடை விழா. பூத்து நிற்கும் வாகைக்கு அடியில் பலகை நட்டு, என்னைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். எழுத்துத் தெரியாதவன், அதில் இருப்பது மரத்தின் பெயர் என்று நினைத்துச் சிரித்தபடி நின்றேன். வீட்டில் மருமகள்தான் படத்தைப் பார்த்து வாசித்தாள்: "நட்டவர்னு உங்க பேரு போட்டிருக்கு மாமா."

மரத்தைக் கன்றிலிருந்தே தெரியும் என்று அவர்களிடம் சொன்னதை, நான் நட்டதாக எடுத்துக்கொண்டார்கள் போலும். நானோ ஆடு மேய்க்கும் வயதில் ஆட்டுக்கு அதில் தொரட்டிக் கம்பால் இலைக்குழை ஒடித்தவன். நட்டவள் தன் ஆடுகூடக் கடிக்காதபடி சுற்றி முள் அடைத்தாள். "ஏலே, இன்னொரு தடவ கை வச்சே, தொரட்டியப் பிடுங்கி அடுப்புல வச்சிருவேன்" என்பாள்.

பூங்காவைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குப் போன் போடச் சொல்லி, விசயத்தைச் சொன்னேன்.

"நாளைக்கே மாத்திருவோம் தாத்தா. அவிய இருக்காவளா?"

"பசுவந்தனையில மக வீட்டுல இருக்கா தாயி. காலையில கூட்டியாரேன்."

அன்று அங்கே ஆடு மேய்த்தவர்களில் என்னைத் தவிர இன்னும் உயிரோடிருப்பது அவள் ஒருத்திதான். பேச்சியம்மாள்.