வீரசாட்டை உன் கையில் இருந்த நாள்

அக்கா,

நேற்று கடப்பாக்கம் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். சவுக்குக் கட்டை ஏற்றிய லாரி ஒன்று ஓரங்கட்டியது. லோடு சரிந்திருந்தது போலிருக்கிறது. கிளீனர் மேலே ஏறிக் கயிற்றை அவிழ்த்து வீசினான். மழையில் ஊறிய அதன் நுனி என் காலருகே வந்து விழுந்தது. ஈர நாரும் டீசலும் கலந்த வாடை. என் பல் தானாகக் கடித்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற பெண், "இன்னா ஆயா, மயக்கமா?" என்று கையைப் பிடித்தாள். கோபத்தில் நிற்கிற கிழவியைப் பார்த்தால் எல்லாருக்கும் மயக்கம் என்றுதான் தோன்றுகிறது.

நீ போய் வருஷம் திரும்பிவிட்டது. உன் முதுகில் விழுந்த கயிறு எனக்கு இன்னும் காயவில்லை.

அண்ணனுக்கு நீயும் தம்பிக்கு நானுமாக ஒரே வீட்டுக்கு வாழ வந்த ஓர்ப்படிகள் நாம். நடுவில் ஒரு மண்சுவர். உன் பக்கம் நடப்பதெல்லாம் என் பக்கம் கேட்கும். உன் புருஷன் சவுக்குத் தோப்பில் லோடு கட்டுகிறவன். வேலை விட்டு வரும்போது கயிறும் தோளில் வரும். அடிப்பதற்குக் காரணம் தேடுகிற சிரமத்தைக்கூட அவன் எடுத்துக்கொண்டதில்லை. நீ கத்த மாட்டாய். கயிறு காற்றைக் கிழிப்பதும் பிறகு அது விழுவதும்தான் கேட்கும். மாமியார் என் பக்கம் வந்து ரேடியோவைப் பெரிதாகத் திருகி வைப்பாள். புருஷன் பொண்டாட்டி விஷயத்தில் காது கொடுக்காதே என்பாள். என் வீட்டுக்காரரும் அண்ணன் விஷயம் என்று திரும்பிப் படுத்துக்கொள்வார். அந்த மாமியார் செத்தபோது நான் ஒரு சொட்டு அழவில்லை. நீ எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய்.

அந்த வருஷம் ஊருக்கு வேறு கவலை. திரௌபதி அம்மன் கோயில் வீரசாட்டை காணாமற்போயிருந்தது. தீமிதிக்குக் கொடியேற்றப் பூசாரி பெட்டியைத் திறந்தால், உள்ளே மஞ்சள் தூளும் காய்ந்த எலுமிச்சம்பழமும்தான். பூட்டு பூட்டியபடி இருந்தது. மணிக்கட்டுத் தடிமனில் முறுக்கி, மஞ்சளில் ஊறி ஊறிப் பாம்பு மாதிரி பளபளத்த அந்தச் சாட்டையை அம்மனின் இன்னோர் உடம்பு என்றே கும்பிட்டோம். அருள் வந்தவர் அதைச் சுழற்றினால் யாரும் விலகக் கூடாது, கையால் மறிக்கக் கூடாது. இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, மணிக்கட்டைச் சேர்த்து, விழுவதை வாங்கிக்கொள்ள வேண்டும். பேய் பிடித்தவள்மேல் விழுந்தால் பேய் போகும், பிள்ளையில்லாதவள்மேல் விழுந்தால் பிள்ளை தங்கும், பொய்ச் சத்தியம் செய்தவன்மேல் விழுந்தால் ரத்தம் கக்குவான் என்றார்கள். தீ மிதிக்கிறவர்கள் கால் வேகாமலிருப்பதே அது குண்டத்தைச் சுற்றி முன்னே போவதால்தான் என்றார்கள். சாட்டை இல்லை, தீமிதி நின்றது. மழை தள்ளிப்போனது, மாடு செத்தது, எல்லாம் அதன் கணக்கில் சேர்ந்தது.

அது கிடக்குமிடம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஆலம்பரைக் கோட்டைக்கு எதிரே கடலில் கிடக்கிறது, கடப்பாக்கத்தார் வலையில் மஞ்சள் வடம் ஒன்று ஏறி, வலையிலிருந்த மீனெல்லாம் செத்துப்போக, பயந்து திரும்ப விட்டுவிட்டார்கள் என்று ஒரு பேச்சு. மாமல்லபுரத்தில் சிலைக்கடைக்காரன் ஒருவன் வெள்ளைக்காரனுக்கு விற்றுவிட்டான், அது ஏறின கப்பல் நகர மாட்டேன் என்கிறது என்று இன்னொரு பேச்சு. "ஏன், வெள்ளக்காரன் ஏரோப்ளேன்ல போவ மாட்டானா?" என்று நீ என் காதில் சொன்னாய். அரிசி புடைத்துக்கொண்டிருந்தோம். சிரிப்பை அடக்கப்போய் என் முறம் கவிழ்ந்தது. நீ அப்படிப் பேசுகிறவள் என்று ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆனால் ஒரு விஷயத்தை எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். பூசாரி குறி கேட்டுச் சொன்னது அது. எங்கே ஒளித்து வைத்தாலும் சாட்டை சும்மா கிடக்காது. எடுத்தவர் முதுகைத் தேடிப்போய் அடித்துக்கொண்டே இருக்கும். முதுகைப் பார்த்தால் ஆள் தெரிந்துவிடும். அதற்குப்பிறகு கொஞ்ச நாள் ஆண்கள் சட்டையில்லாமல் திரிந்தார்கள், எங்கள்மேல் ஒன்றுமில்லை பாருங்கள் என்று. பெண்கள் எப்படித் திரிவது?

பம்ப்செட்டில் குளித்துக்கொண்டிருந்தோம். நீ எப்போதும் ரவிக்கையோடுதான் குளிப்பாய். இற்றுப்போன ரவிக்கை, தண்ணீர் விழுந்த வேகத்தில் முதுகுப்பக்கம் கிழிந்துகொண்டது. கூடக் குளித்த கன்னியம்மா பார்த்துவிட்டாள். உன் முதுகு ஏர் ஓட்டின நிலமாக இருந்தது. ஐயோ பாவம் என்று ஒரு வார்த்தை அவள் வாயில் வரவில்லை. ஈரப் புடவையோடு தெருவில் ஓடினாள், "சாட்டை இவளத்தான் அடிச்சிகீது" என்று கூவிக்கொண்டு. போன தையில் அவள் தன் பேத்தி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தாள். நான் போகவில்லை. முட்டிவலி என்று சொல்லியனுப்பினேன். முட்டிவலி இல்லை என்று அவளுக்கும் தெரியும்.

நாம் வீடு வந்து சேர்வதற்குள் ஊர் வந்து நின்றது. உன்னை முடியைப் பிடித்து இழுத்தார்கள். மண்வெட்டியோடு உள்ளே புகுந்தவர்கள் தரையைக் கொத்தினார்கள், அடுப்பை உடைத்தார்கள், அரிசிப் பானையைக் கவிழ்த்து மண்ணோடு மிதித்தார்கள். நான் தர்மகர்த்தாவின் முன்னால் போய் நின்று, அது அவள் புருஷன் அடித்தது, சுவருக்கு இந்தப் பக்கம் தினமும் கேட்கிறேன் என்றேன். அவருடைய மருமகன் என் வாயில் குத்தினான். என் முன்பல் போனது அப்போதுதான். ரத்தத்தைத் துப்பிவிட்டு மறுபடி சொன்னேன். தர்மகர்த்தா குனிந்து உன் முதுகைப் பார்த்தார். நிதானமாக, நிலத்தை அளக்கிறவர் மாதிரி பார்த்தார்.

"புருஷன் அடிச்சா இப்டி வரிசையா வுழுமா? இது தெய்வம் அடிச்சது."

கோயில் வாசலில் உன்னைத் தள்ளினார்கள். உன் புருஷனைக் கூப்பிட்டுக் கற்பூரம் ஏற்றினார்கள். எனக்கு அப்போதும் ஒரு நம்பிக்கை இருந்தது. உன் உயிர் போகப்போகிறது என்று தெரிந்தாவது அவன் உண்மையைச் சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். அவன் உள்ளங்கையால் கற்பூரத்தை அடித்து அணைத்தான். "நான் இவமேல கை வெச்சதே இல்ல. அம்மன்மேல சத்தியம்" என்றான். தரையில் கிடந்த நீ தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாய்.

சாட்டையை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டார்கள். சொல்ல உன்னிடம் ஒன்றுமில்லை. சொல்கிறவரைக்கும் அடிப்பது என்று முடிவானது. கயிறு கொண்டுவர ஓடினவன் உன் புருஷன். தன் லோடு கயிற்றையே கொண்டுவந்தான். அடிக்கவும் வேறு ஆள் தேடவில்லை, அவனே நின்றான். அம்மனாவது வந்து இடம் சொல்லட்டும் என்று பூசாரி பம்பையை அடிக்கச் சொன்னார். பம்பைச் சத்தத்தில் முதல் அடி உன் தோளில் விழுந்தது. அடுத்தது காதைக் கிழித்தது. ரத்தம் கழுத்து வழியாக இறங்கி மார்புக்கு வந்தது. அதற்கடுத்தது விழுமுன் நீ கயிற்றைப் பிடித்துவிட்டாய்.

பிடித்தபடியே எழுந்தாய். அவிழ்ந்த முடி முகத்தை மூடியிருந்தது. ஒரே இழுப்பில் கயிறு அவன் கையிலிருந்து உன் கைக்கு வந்தது. அப்போது உன் தொண்டையிலிருந்து வந்த குரலை அதற்குமுன் நான் கேட்டதில்லை.

"தேடறீங்களே, இதோ கீது. எங்கிட்டதான் கீது. கையத் தூக்குங்கடா."

யாரும் அசையவில்லை. பிறகு பூசாரி கையைத் தூக்கினார். அருள் வந்துவிட்டது என்று யாரோ சொல்ல, ஊரே தூக்கியது. அவர்களுக்கு வேறு வழியில்லை. அருள் வந்தவள் கையில் எது சுழன்றாலும் அதுதான் சாட்டை, விலகக் கூடாது. உன் புருஷனும் தூக்கினான். செய்த சத்தியம் நாக்கில் ஈரம் காயாமலிருந்தது. ஓடினால் பொய் என்று ஆகிவிடும்.

நீ அவன் மணிக்கட்டைப் பார்க்கவே இல்லை. முதுகில் போட்டாய். முதலில் சட்டை கிழிந்தது, பிறகு தோல். "அம்மா, தாயே" என்றான். உன்னைப் பார்த்து அவன் மரியாதையாகப் பேசியது அதுதான் முதல் தடவை. மண்டிபோட்டான், குப்புற விழுந்தான், மண்ணைக் கடித்தான். நீ நிறுத்தவில்லை. அவன் முதுகில் வரிசையாகத்தான் விழுந்தது, தர்மகர்த்தா சொன்ன அதே வரிசை. சுற்றி எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மூடவில்லை. இன்னும் கொஞ்சம் விழட்டும் என்றுதான் இருந்தது எனக்கு. அப்புறம் தர்மகர்த்தா, அவர் வெள்ளைச் சட்டையோடு. அவர் மருமகன். மண்வெட்டி பிடித்தவர்கள். கன்னியம்மா. தூக்கிய கைகளுக்கு நடுவே நீ ஒவ்வொருவராகப் பார்த்துப் பார்த்துப் போனாய்.

அன்றோடு ஊர் சாட்டையைத் தேடுவதை விட்டுவிட்டது. அது உன் வலக்கையில் குடிவந்துவிட்டது என்றார்கள். லோடு கயிற்றைப் பெட்டியில் வைக்கக் கேட்டு வந்தபோது நீ அதை வெட்டி அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாய். "கயித்துல இன்னா கீது" என்றாய். அதற்கும் பூசாரி ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டு போனார். கொத்தியவர்களே வந்து தரையைப் போட்டுக் கொடுத்தார்கள். அச்சரப்பாக்கத்திலிருந்தெல்லாம் காய்ச்சல்காரப் பிள்ளைகளைத் தூக்கிவந்தார்கள். நீ தலையில் கையை வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கும் போ என்று விரட்டுவாய். உன் புருஷன் சாகும்வரை வாசலில்தான் படுத்தான். சோறு போட உன் கை நீண்டால் அவன் தோள் ஒடுங்கும். அதைப் பார்த்து நீ சந்தோஷப்பட்டாயா தெரியாது. நான் பட்டேன்.

பல வருஷம் கழித்து, கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தபோது, அன்றைக்கு அம்மன் வந்தாளா என்று தெரியாதவள்போலக் கேட்டேன். உன் வாயால் கேட்க எனக்கு ஆசை. நீ கருவாட்டைத் திருப்பிப் போட்டாய்.

"வந்தாளோ வரலியோ, கை ஒரு வாரம் வலிச்சிது."

மேலே கேட்காதே என்று அதற்கு அர்த்தம். கேட்கவில்லை.

நீ போன அன்று தர்மகர்த்தாவின் மகன் மாலையோடு வந்தான். அப்பன் இருந்த இடத்தில் இப்போது அவன். நீ வலக்கையில் போட்டிருந்த இரும்புக் காப்பைக் கழற்றிச் சாட்டைப் பெட்டியில் வைக்க வேண்டும் என்றான். கூட வந்த ஒருவன், கையை மட்டும் கோயில் நிலத்தில் புதைத்துவிட்டு மற்றதை எரித்தால் என்ன என்று மெதுவாக யோசனை சொன்னான். சக்தி ஊரைவிட்டுப் போகக் கூடாதாம். எந்த ஊர்? உன்னை முடியைப் பிடித்து இழுத்த ஊர். நான் அரிவாளை எடுத்துக்கொண்டு உன் தலைமாட்டில் நின்றேன். இவள் கையைத் தொடுகிறவன் கையும் சேர்ந்துதான் இன்றைக்கு எரியும் என்றேன். பையன்கள் பின்வாங்கினார்கள். தர்மகர்த்தாவின் மகன் மட்டும், "பெரிம்மா, சாட்டை இனிமே எங்க போவுதுன்னு ஊருக்குத் தெரிய வேணாமா?" என்று கேட்டான்.

"எவ முதுகுல கோடு கீதோ, அவ கைக்குப் போவுது. வூடு வூடாப் போய்ப் பாரு."

அவன் போய்ப் பார்க்கவில்லை. ஆனால் பேச்சு பரவிவிட்டது. புதுப்பட்டினம் சந்தைவரை இப்போது அப்படித்தான் சொல்கிறார்கள். சாட்டை ஓரிடத்தில் இல்லை, அடிபடுகிறவள் கையில் என்றைக்கு ஏறும் என்று தெரியாது என்கிறார்கள். நம் தெருவில் குடித்துவிட்டு வருகிற சில பேர், வாசலில் நின்று பொண்டாட்டியின் கையைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைகிறார்கள். சில பேர் பார்ப்பதில்லை. அவர்கள் வீட்டுப் பெண்கள் என்னிடம் வருகிறார்கள். உன் கதையைச் சொல்லியனுப்புகிறேன், ஒன்றை மட்டும் விட்டுவிட்டு.

கைதூக்கிய அந்த வரிசையில் நானும் நின்றேன். வாய் நிறைய ரத்தம். எனக்கும் விழும் என்றுதான் நினைத்தேன். கன்னியம்மாவை அடித்த வேகத்தோடு என் முன்னால் வந்தாய். கயிற்றை ஓங்கினாய். ஓங்கினதை என் மணிக்கட்டின்மேல் பூச்சரம் வைக்கிற மாதிரி வைத்து எடுத்தாய். முடிக்கு நடுவில் உன் கண் தெரிந்தது. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, சொந்தக் குரலில், "பல்லு பூட்ச்சாடி?" என்றாய். அப்புறம் அந்தப் பெரிய குரலை எடுத்துக்கொண்டு அடுத்தவனிடம் போனாய்.

அம்மன் வரவில்லை அக்கா. விழுந்த அடி அத்தனையும் நீ. அதை நான் யாருக்கும் சொல்லவில்லை. என்னோடுதான் எரியும்.