ரிசல்ட் வருவதற்கு முன்

வாயாடியின் அப்பாவுக்கு உங்கள் மனைவி எழுதுவது.

உடம்பு எப்படி இருக்கிறது? வெல்டிங் வேலையில் கண் எரிகிறது என்றீர்களே, மருந்து விட்டுக்கொள்கிறீர்களா? போனில்தான் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைக்காதீர்கள். வீடு ஒரே அறை. நான் பெருமூச்சு விட்டாலும் மகளுக்குக் கேட்டுவிடும். உங்கள் கூட வேலை செய்யும் எலக்ட்ரீஷியன் தம்பி லீவு முடிந்து நாளை கிளம்புகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், கூட்டிப் படித்துக்கொள்ளுங்கள்.

அவள் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதிவிட்டாள். கணக்கு, அறிவியல் எல்லாம் நன்றாகவே எழுதினாளாம். கட்டுரையில்தான் கோட்டை விட்டுவிட்டாள். வாயைத் திறந்தால் மூடாது என்று நீங்கள் பேர் வைத்த பெண், அரைப் பக்கம்தான் எழுதியிருக்கிறாள். கேட்ட தலைப்பு 'மறக்க முடியாத பயணம்'. உங்களை வழியனுப்ப விமான நிலையம் போனதைத்தான் ஆரம்பித்தாளாம். நாலு வரியில் கை தானாக அண்ணன் வண்டிக்குப் போய்விட்டது. டியூஷனுக்குக் கிளம்பினது, பின்னால் உட்கார்ந்து அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டது, பெட்ரோல் பங்க் திருப்பம். அதோடு சரி. மணி அடிக்கும் வரை பேனாவைப் பிடித்தபடியே இருந்தாளாம்.

மாடி வீட்டு டீச்சரம்மாவைக் கேட்டேன். கட்டுரையில் மார்க் குறைந்தால் இடம் கிடைப்பது சந்தேகம்தான் என்று பட்டென்று சொல்லிவிட்டார், அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே.

அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நேற்றுத் தலை வாரிவிடும்போது, "எனக்குக் கட்டுரை வரலைன்னுதானே அண்ணன் அந்த டியூஷன்ல சேத்துவிட்டான். அதையே கோட்டை விட்டுட்டேன். அப்புறம் நான் எதுக்கும்மா இருக்கேன்?" என்றாள். கடையில் பால் தீர்ந்துவிட்டது என்கிற மாதிரி சொன்னாள். குளியலறைக் கதவைத் தாழ் போடாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கம்பெனியிலும் புத்தி நிற்பதில்லை. காஜா மெஷினில் உட்கார்ந்து சட்டையின் முதுகுப் பக்கம் பட்டன் துளை போட்டுவிட்டேன். சூப்பர்வைசர் அதைத் தூக்கிப் பிடித்து, "ஏம்மா, பின்பக்கமா நடக்கிறவனுக்கா தைக்கிற?" என்றார். லைனே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். பெரியவன் போன பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன் என்று அப்புறம்தான் உறைத்தது.

சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். அவனை எடுத்துக்கொண்டு போன அன்று வாசலில் எல்லோர் முன்னாலும், "இவள டியூஷனுக்குக் கூட்டிட்டுப் போகாம இருந்திருந்தா என் புள்ள உயிரோட இருந்திருப்பான்" என்றீர்கள். வயிறு எரிந்து வந்த பேச்சு என்று எனக்குத் தெரியும். அவளுக்கு யார் சொல்வது? அதற்குப் பிறகு எப்போது அவள் போனை எடுத்தாலும் உங்களிடமிருந்து "அம்மாகிட்ட குடு" என்பது மட்டும்தான். குற்றம் சொல்லவில்லை. அவள் குரலைக் கேட்டால் அவன் ஞாபகம் வருகிறது, எனக்குப் புரியாதா? எனக்கும் வருகிறது. நான் பக்கத்திலேயே இருந்து கேட்கிறேன்.

பத்தாம் தேதி ரிசல்ட். அதற்கு முன்னால் அவளிடம் பேசிவிடுங்கள். பிறகு பேசினால் மார்க்குக்காகப் பேசியதாக ஆகிவிடும். கட்டுரையைப் பற்றிக் கேட்க வேண்டாம். ஆறுதலும் சொல்ல வேண்டாம், உங்களுக்கு அது வராது. சாப்பிட்டியா என்று கேளுங்கள், போதும். இடம் கிடைக்காவிட்டால் அடுத்த வருஷம் எழுதட்டும். இல்லையென்றால் என் பக்கத்து மெஷினில் வந்து உட்காரட்டும். கல்லூரி இல்லாமல் இருந்துவிடலாம்.

நீங்கள் கூப்பிடும்போது நான் போனை எடுக்க மாட்டேன், துணி காயப்போடுகிற சாக்கில் வெளியே போய்விடுவேன். உங்கள் பேரைப் பார்த்ததும் அவள் சட்டென்று எடுக்க மாட்டாள், பயப்படுவாள். மணி முழுசாக அடித்து ஓயட்டும். ஓய்ந்தால் மறுபடி கூப்பிடுங்கள். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், அவள் எடுக்கும் வரை கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பிள்ளைகளின் அம்மா